நீறு பூத்த நெருப்பு

முதியோரை இல்லத்தில் வைத்துப் பேணும் பேறு பெற்ற குடும்பங்களை நினைத்தே இதனை எழுதுகின்றோம். எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு பிழையைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால், சொன்னால் வேறொரு வீட்டில் அப்பிழை நிகழாமல் போகக்கூடும் என்ற நம்பிக்கையே எங்களை எழுதத் தூண்டிற்று.

2022-ஆம் ஆண்டின் புனித வாரம். அப்பொழுது எங்கள் அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. எங்களுள் ஒருவர் அவர் பெற்ற மகன். மற்றவர் அவர் இல்லத்திற்கு மருமகளாய் வந்தவர். திண்டுக்கல்லுக்கு அருகே சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றோம். குருத்து ஞாயிறன்று பவனியில் நடந்து வந்த அன்னையார், திங்கட்கிழமை காலையில் இடப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். "வாயுப்பிடிப்புத்தான், ஒன்றுமில்லை" என்றார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். தைலம் தேய்த்துவிட முன்வந்தபோது, தாமே தேய்த்துக்கொள்வதாகக் கூறி மறுத்துவிட்டார். வலி தீரவில்லை. எனினும் அவர் அதைப் பற்றி மீண்டும் வாய் திறக்கவுமில்லை.

பெரிய வியாழனன்று மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு வந்தார். மறுநாள் வழக்கம்போல் ஒருவேளை உணவோடு நோன்பிருந்து, சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டார். ஒவ்வொரு முறையும் எழும்போது அவர் முகம் சுருங்கியதைக் கண்டோம். வயதான முழங்கால் அல்லவா என்று எண்ணிக்கொண்டோம். உயிர்ப்பு ஞாயிறன்று காலையில், பேரக்குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அவர் அலறிவிட்டார். குழந்தையும் அழுதுவிட்டது. அப்பொழுதுதான் மருமகள் அவரை அறைக்குள் அழைத்துச் சென்று, சேலையை விலக்கிப் பார்த்தாள். இடமார்பின் கீழிருந்து முதுகெலும்பு வரையில், பாதிக் கச்சை கட்டினாற்போல் செந்நிறப் பட்டை ஒன்று ஓடிற்று. அதன்மேல் கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளங்கள்.

"எப்போது வந்தது, அத்தை?"

"வியாழக்கிழமை. அந்த இடத்தை எப்படிம்மா காட்டுறது? அதுவும் பெரிய வெள்ளி. ஆண்டவர் பட்டதுக்கு முன்னாடி இது என்ன பெரிசு?"

அக்கி என்பதை ஊரில் அறியாதார் இல்லை. அக்கி என்றால் குயவர் தெருவிற்குச் செல்ல வேண்டும் என்பதும் ஊரறிந்த வழக்கமே. அன்று மாலையே முதிய வேளார் ஒருவர் வந்தார். செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றி எழுதினார். திங்களன்று காலையிலும் மாலையிலும் எழுதினார். காவியின் குளிர்ச்சி சிறிது நேரம் இதமளித்ததாக அன்னையார் கூறினார். மூன்றாம் முறை எழுதி முடித்ததும் வேளார் எங்களைத் தனியே அழைத்தார்.

"ஐயா, வாலிபப் பிள்ளைகளுக்கு வந்தா தானா ஆறிப்போகும். அம்மா வயசுக்கு இது லேசுல விடாது. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க. நான் எழுதினதைத் துடைச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

தம் தொழிலின் எல்லையை அறிந்திருந்த அப்பெரியவரை இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம். தாமதம் அவருடையதன்று, எங்களுடையது. செவ்வாயன்று மருத்துவரிடம் சென்றோம். கொப்புளம் தோன்றி அன்று ஆறாம் நாள். "மூன்று நாளைக்குள் வந்திருந்தால் நன்றாயிருக்குமே" என்றார் மருத்துவர். மூன்று நாள் அன்னையார் மறைத்தார். இரண்டு நாளை நாங்கள் கழித்தோம். அவருடைய கணக்கும் எங்களுடைய கணக்கும் சேர்ந்தே அந்த ஐந்து நாட்கள் ஆயின.

அதன்பின் இந்நோயைப் பற்றி மருத்துவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே கூறுகின்றோம்.

அக்கி வெளியிலிருந்து புதிதாய் வந்து ஒட்டிக்கொள்ளும் நோயன்று. சூட்டினால் உண்டாவதுமன்று. சிறு வயதில் சின்னம்மை கண்டோமே, அதை உண்டாக்கிய வைரஸே இதையும் உண்டாக்குகின்றது. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நோய் போய்விட்டதென்று நாம் நினைக்கின்றோம். அது போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியும் தலையினுள்ளும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் புகுந்து, நீறு பூத்த நெருப்பாய் அடங்கிக் கிடக்கின்றது. எங்கள் அன்னையாருக்குச் சின்னம்மை கண்டது ஏழு வயதில். வேப்பிலையின்மேல் கிடந்ததை அவர் நினைவு கூர்கின்றார். அன்று புகுந்த வைரஸ் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடனேயே வாழ்ந்திருக்கின்றது. அவர் மணவாழ்வில் புகுந்தபோதும், எங்களை ஈன்றபோதும், கைம்பெண்ணானபோதும் அது உறங்கியவாறே இருந்தது. விழித்தபோது ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வந்தது. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாய் ஓடுவதற்கும், கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே வலி தொடங்குவதற்கும் காரணம் இதுவே. அன்னையாரின் வாயுப்பிடிப்பு உண்மையில் அக்கியின் முன்னறிவிப்பு.

இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தியவர்களுள் ஒருவர் பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் பணியாற்றியவர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிறு நகரின் குடும்ப மருத்துவரான எட்கர் ஹோப்-சிம்ப்சன் அவர். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாது குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். 1965-இல் அக்கணக்கை வெளியிட்டார். பத்து வயதுக்கு உட்பட்டோரில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத இந்நோய், எண்பதைக் கடந்தோரில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் அளவில் வந்திருந்தது. உடம்பில் உள்ள ஒரு காவல் வைரஸை அடக்கி வைத்திருக்கின்றது, அக்காவல் தளரும்போது அது வெளிப்படுகின்றது என்று அவர் முடிவு கட்டினார். அம்மை கண்ட குழந்தைகளோடு பெரியவர்கள் பழகுவதால் அவர்களுடைய காவல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றது என்பதும் அவருடைய கருத்து.

அந்தக் காவல் எது? நம் குருதியில் இரு வகைப் படைகள் உள்ளன என்று எளிமையாய்ச் சொல்லலாம். ஒன்று, குருதியில் மிதந்து திரியும் எதிர்ப்பொருள்கள். மற்றொன்று, நோயுற்ற அணுக்களைத் தேடிச் சென்று அழிக்கும் டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். அக்கி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முதுமையிலும் பெரிதாய்க் குறைவதில்லை. ஆயினும் நரம்பினுள் ஒளிந்திருக்கும் பகைவனை அவற்றால் அடக்க இயலாது. டி அணுக்களே அதற்கு வேண்டும். அந்த அணுக்களின் நினைவும் வலிமையுமே வயதோடு மங்குகின்றன.

டி அணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் ஒன்று நம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கின்றது. தைமஸ் என்பது அதன் பெயர். அது எதற்காக இருக்கின்றது என்பதையே ஜாக் மில்லர் என்னும் அறிஞர் 1961-இல்தான் கண்டறிந்தார். எந்த அணு பகைவனை எதிர்க்க வேண்டும், எந்த அணு சொந்த உடலைத் தாக்காமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் பிரித்தெடுக்கப்படுகின்றன. குழந்தைப் பருவத்தில் நிறைந்திருக்கும் அப்பள்ளி, வாலிபம் தொடங்கியதிலிருந்தே சுருங்கத் தொடங்குகின்றது. முதுமையில் அதன் பெரும்பகுதி கொழுப்பாய் மாறிவிடுகின்றது. புதிய மாணவர் வருகை அருகிவிட, பழைய காவலரைக் கொண்டே உடல் நாளைக் கடத்த வேண்டியதாகின்றது. அவர்களும் களைத்தவர்கள்.

ஆகவேதான் அக்கி மட்டுமன்றி ஏனைய வைரஸ் நோய்களும் முதியோரைக் கடுமையாய்த் தாக்குகின்றன. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் இளைஞனை ஒரு வாரம் படுக்கையில் கிடத்தும். பாட்டனாரின் உயிருக்கே உலை வைத்துவிடும். 2020-இல் தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்றில் நாம் கல்லறைக்குக் கொண்டு சென்றவர்களுள் முதியோரே மிகுதி. முதியவர் உடலில் முதல் எதிர்ப்பு மெதுவாய் எழுகின்றது. பின்னர் எழும்போதோ அளவு மீறிய அழற்சியாய் எழுந்து, காக்க வேண்டிய உடலையே வருத்துவதும் உண்டு.

இதனோடு குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. முதியோருக்கு நோய் தொற்றினாலும் காய்ச்சல் மிகாமலே இருக்கலாம். தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடவில்லையே" என்று நாம் அமைதி கொள்வோம். ஆனால் அவர் உணவை ஒதுக்குவார்; பேச்சில் குழம்புவார்; காரணமின்றித் தடுமாறி விழுவார். அவையே அவருடைய காய்ச்சல்.

மருத்துவர் அன்னையாருக்கு அசைக்ளோவிர் மாத்திரைகளை நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள் உண்ணுமாறு கொடுத்தார். நாள் கடந்துவிட்டது, எனினும் அவர் வயதைக் கருதிக் கொடுப்பதாய்ச் சொன்னார். இம்மருந்து உருவான ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கியவர் கெர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பதினைந்து வயதில் தம் பாட்டனார் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு, நோய்க்கு மருந்து தேடுவதே தம் வாழ்வு என்று அவர் உறுதி பூண்டார். 1988-இல் நோபல் பரிசையும் மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். வைரஸ் புகுந்த அணுவை அடைந்ததும், அந்த வைரஸின் சொந்த நொதியாலேயே முடுக்கப்பட்டு, அது பெருகாதவாறு தடுப்பது அசைக்ளோவிரின் இயல்பு. எனவே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் மூன்று நாட்களே, அதாவது 72 மணி நேரமே, அதற்கு உகந்த வேளை. ஒரு பேத்தியின் பாசத்தில் தொடங்கிய தேடல் மருந்தாய்ப் பிறந்து, எங்கள் ஊர் மருந்துக்கடை வரை வந்து காத்திருந்தது. நாங்கள்தாம் போகவில்லை.

மூன்று வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை. வைரஸால் புண்பட்ட நரம்பு, தோல் ஆறிய பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் வலித்துக்கொண்டிருப்பது முதியோரிடையே அரிதன்று. அன்னையாருக்கு ஓராண்டுக்கு மேல் வலித்தது. சேலைத் தலைப்பு உரசினாலும் நெருப்பு வைத்தாற்போல் துடிப்பார். மின்விசிறிக் காற்றும் பகையாயிற்று. நரம்பு வலிக்காகக் கொடுத்த மாத்திரையால் தலைசுற்றல் வந்தது. கோயிலுக்குப் போவது நின்றது. பேரக்குழந்தை பாட்டியின் கட்டிலருகே வந்து, தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டது. வலியைக் காட்டிலும் அந்தக் காட்சியே எங்களை வாட்டியது.

முன்னரே மருந்து கொடுத்திருந்தால் இவ்வளவும் வந்திராது என்று எவராலும் உறுதி சொல்ல இயலாது என்றார் மருத்துவர். கொப்புளம் விரைந்து ஆறவும் முதல் வலி தணியவும் மருந்து உதவும். நீடித்த வலியை அது முற்றிலும் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை என்று விளக்கினார். எங்களுக்கு ஆறுதலாகவே அவ்வாறு கூறினார். ஆயினும், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பலனை இறைவனிடம் விடுவது வேறு. செய்யாமல் விட்டுவிட்டுப் பலனைப் பற்றி ஐயுறுவது வேறு.

ஒருநாள் நோயாளருக்கு நற்கருணை வழங்க வந்த பங்குத்தந்தையிடம் எங்கள் மனக்குறையைச் சொன்னோம். அன்னையார் இடைமறித்து, "சாமி, நான் அதை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தேன். அது தப்பா?" என்று கேட்டார்.

பங்குத்தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஒப்புக்கொடுத்தது தப்பில்லை, அம்மா. மறைத்ததுதான் தப்பு" என்றார். "தீராத வலியை ஒப்புக்கொடுக்கலாம். தீர்க்கக்கூடிய வலியைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாததால், உங்களுக்குப் பணிசெய்யும் புண்ணியத்தை அவர்கள் இழந்தார்கள் அல்லவா?"

புனித இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் பொருளைக் குறித்து 1984-இல் வெளியிட்ட திருமடலையும் அவர் எடுத்துரைத்தார். துன்பத்தை மீட்பரோடு இணைத்து ஏற்பதைப் பற்றி விரிவாய்க் கூறும் அம்மடல், நல்ல சமாரியனிடம் வந்தே நிறைவு பெறுகின்றது. துன்பத்தால் நன்மை செய்வதும், துன்புறுவோருக்கு நன்மை செய்வதும் ஆகிய இரண்டையும் கிறிஸ்து நமக்குக் கற்பித்தார் என்பதே அதன் சாரம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன், பொறுமையாய் இரு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்திற்குத் தூக்கிச் சென்றான், செலவுக்குப் பணமும் கொடுத்தான்.

எங்கள் அன்னையார் மறைத்தது பக்தியால் மட்டுமன்று என்பதையும் பின்னர் உணர்ந்தோம். கூச்சம் ஒரு காரணம். திருநாள் வேளையில் பிள்ளைகளுக்குச் செலவும் அலைச்சலும் வைக்கலாகாது என்ற எண்ணம் மற்றொரு காரணம். தாம் ஒரு பாரம் என்று முதியோர் எண்ணத் தொடங்கும் இல்லத்தில் அவர்கள் வலியை மறைப்பார்கள். அவ்வெண்ணத்தை நாங்கள் சொல்லால் உண்டாக்கவில்லை. மருந்துச் சீட்டைக் கண்டு விட்ட பெருமூச்சும், "இப்போதுதானே டாக்டரிடம் போய் வந்தோம்" என்ற ஒரு சொல்லும் போதுமானவையாய் இருந்திருக்கலாம். நான்காம் கட்டளைக்கு எதிரான பாவங்களை ஆராயும்போது இப்பெருமூச்சை நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அக்கிக்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் நாங்கள் பிந்தியே அறிந்தோம். வலுக்குறைந்த உயிருள்ள வைரஸைக் கொண்டு முதலில் செய்யப்பட்ட ஊசி 2006-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. அதற்கான ஆய்வில், பொதுவாக நூற்றுக்கு 51 பங்கு பாதுகாப்பளித்த அவ்வூசி, எழுபதைக் கடந்தோரில் 38 பங்கே அளித்தது. எவருக்கு மிகவும் தேவையோ அவர் உடலிலேயே அது குறைவாய்ப் பலித்தது. களைத்த காவலரை எழுப்ப அது போதவில்லை போலும்.

பின்னர் அறிஞர் வேறு வழி கண்டனர். வைரஸின் மேலுறையிலுள்ள ஒரே ஒரு புரதத்தை மட்டும் எடுத்து, காவலரைத் தட்டியெழுப்பும் துணைப்பொருள் ஒன்றையும் அதனோடு சேர்த்தனர். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து அத்துணைப்பொருளின் ஒரு பகுதி கிடைக்கின்றது. நம் சீயக்காயைப் போல் நுரைக்கும் பட்டை அது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், இவ்வூசி ஐம்பதைக் கடந்தோரில் நூற்றுக்கு 97 பங்கும், எழுபதைக் கடந்தோரில் ஏறத்தாழ 90 பங்கும் அக்கியைத் தடுத்தது. முதியவர் உடலின் காவல் அழிந்துபோகவில்லை, உறங்கித்தான் இருக்கின்றது, உரிய முறையில் எழுப்பினால் எழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் இவ்வூசி 2023-இல் கிடைக்கலாயிற்று. ஐம்பது வயதைக் கடந்தோருக்கு இரண்டு தவணையாய், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இடப்படுகின்றது. விலை எளியோர்க்கு எட்டாத அளவில், ஒரு தவணைக்கே பல ஆயிரம் ரூபாயாய் இருக்கின்றது. எல்லாக் குடும்பங்களும் வாங்கிவிடலாம் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால், பிறந்தநாளுக்கும் புதுநன்மைக்கும் பந்தல் போட்டுச் செலவிடும் இல்லங்கள், பெற்றோரின் பெயரால் இதனையும் எண்ணிப் பார்க்கலாம். மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நலம்.

வாங்க இயலாதோரும் செய்யக்கூடியவை உண்டு. வயதானவர் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோ குத்தலோ உண்டென்று சொன்னால், அவ்விடத்தின் தோலை நாள்தோறும் பாருங்கள். பெண்களாயின் மகளோ மருமகளோ பார்க்கட்டும். கொப்புளம் கண்ட அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். பார்வைக்கே கேடு வரலாம். கொப்புள நீர் பட்டால், சின்னம்மை காணாத குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அம்மை தொற்றக்கூடும். ஆதலால் புண் காயும் வரை அதை மூடி வையுங்கள். காவி எழுதுவதில் நம்பிக்கை உள்ளோர் மருந்துக்குப் பதிலாய் அதை நம்பியிருக்க வேண்டாம்.

அன்னையாருக்கு இப்பொழுது எண்பது கடந்துவிட்டது. வலி முற்றிலும் போகவில்லை. மழைக்காலத்தில் முணுமுணுக்கும் என்கின்றார். எனினும் கோயிலுக்கு நடந்து வருகின்றார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோருக்கான உலக நாள் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிறன்று வருகின்றது. சென்ற முறை அத்திருப்பலிக்குப் பின் பங்கிலுள்ள மூதாட்டியர் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தனர். அவர்களிடம் அன்னையார் சொல்லிக்கொண்டிருந்ததை உள்ளிருந்து கேட்டோம்.

"எங்கே வலிச்சாலும் பிள்ளைங்ககிட்டச் சொல்லிருங்கடி. சொல்லாம இருந்து நான் ஒரு வருஷம் பட்டேன். அதுக பட்டது அதைவிட அதிகம்."

இப்பொழுதெல்லாம் இரவுச் செபமாலை முடிந்ததும், "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று அவரிடம் கேட்டுவிட்டே படுக்கச் செல்கின்றோம். பேரக்குழந்தையும் கேட்கின்றது. சில நாட்களில் அவர், "இல்லை, போய்த் தூங்குங்கள்" என்பார். சில நாட்களில் வலிக்கும் இடத்தைக் காட்டுவார். அவர் காட்டும் நாட்களில் இறைவனுக்குச் சற்று மிகுதியாகவே நன்றி கூறுகின்றோம்.